எதிர்க்கால் பெருவிரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் என் வீட்டு வாசலில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

பாலவனத்தத்துக்காரர் ஒருவர். மினி பஸ்ஸில் கண்டக்டர். துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

அருப்புக்கோட்டையில் நாலு தறி ஓட்டுகிற பெரியவர். ஆட்டோவில் வருவார். ஆட்டோவை அனுப்ப மாட்டார், நிறுத்தி வைத்திருப்பார்.

நர்ஸ் படிப்பு படிக்கிற பெண் ஒன்று. பக்கத்தில் அவள் அம்மா. வலி பெண்ணுக்கு. கண்ணை மூடிக்கொண்டிருந்தது அம்மா.

வீரசோழன்காரம்மா. முதல் பஸ்ஸில் வந்தவர். சேலை, நைட்டி மூட்டையைச் சுமந்து ஊர் ஊராக வீட்டு வாசலில் வைத்து விற்கிறவர். அன்றைக்கு மூட்டை இல்லை.

அவரோடு அவர் தெருவில் இருந்து வந்த மருமகள் பெண். மருந்துக்கு முதல் தடவையாக வந்தவள்.

உள்ளே, கதவுக்குப் பின்னால், என் வீட்டுக்காரி. விழித்துத்தான் படுத்திருந்தாள்.

அப்புறம் நான். எனக்கும் தலைவலி. அதை என் வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு கமிஷன் கடையில் லோடுமேன். கொத்தமல்லி மூடை, மிளகாய் வத்தல் மூடை ஏற்றுவேன், இறக்குவேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு ஒற்றைத் தலைவலிக்கு மருந்து விடுவேன். பொழுதோடு ஏறி, உச்சியில் கொன்று, பொழுதோடு இறங்குகிற வலி. அதற்கு மட்டும்தான். மற்ற தலைவலிக்கு என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

மருந்து ஒரு இலை. இந்தப் பக்கம் எல்லாக் கண்மாய்க் கரையிலும் கிடக்கிறது. இருட்டோடு போய்ப் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிந்தால் சாறு சொட்டும். வலது பக்கம் வலித்தால் இடது கால் பெருவிரல் நகத்தில் விட வேண்டும். இடது பக்கம் வலித்தால் வலது கால். ஒரு சாண் உயரத்தில் இருந்து விட வேண்டும். தொடக் கூடாது.

வருகிறவர்கள் வீட்டில் இருந்து கிளம்பினதில் இருந்து வாய் திறக்கக் கூடாது. பல் விளக்கலாம், காப்பி குடிக்கக் கூடாது. எந்தப் பக்கம் வலி என்று விரலால் காட்டினால் போதும். சாறு விழுந்த பிறகு எழுந்து போய்விட வேண்டும். போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் வலியும் திரும்ப வரும் என்பார்கள். நான் காசு வாங்கக் கூடாது. வெற்றிலை பாக்குக் கூட.

அன்றைக்கு எனக்கு இடது பொட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தது. பொழுது ஏறுமுன்பே பிடித்துவிட்டது. இடது கண் பாதிதான் திறந்தது. கண்டக்டருக்கு விட்டேன். பெரியவருக்கு விட்டேன். நர்ஸ் பெண்ணுக்கு விட்டேன். வீரசோழன்காரம்மா முன்னால் குத்துக்காலிட்டேன். அவர் இடது பொட்டைக் காட்டினார். நான் துணியை அவர் இடது காலுக்கு மேலே பிடித்தேன்.

பிழியப் போனேன். அவர் அந்தக் காலை மெதுவாகப் பின்னால் இழுத்தார். வலது காலை முன்னால் வைத்தார்.

பேசக் கூடாதே. அதனால் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வலது நகத்தில் விட்டேன். இரண்டு சொட்டு தரையில் விழுந்தது. அடுத்து இருந்த மருமகள் பெண் பார்த்தாள். அவளும் வாய் திறக்க முடியாது. பெரியவரின் ஆட்டோ போகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

எல்லோரும் போன பிறகு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கண்டக்டருக்கு எந்தக் காலில் விட்டேன்? பெரியவருக்கு? நினைவில்லை. எழுந்தேன். உட்கார்ந்தேன். ஆட்டுக்குத் தண்ணி வைக்கப் போனேன். வைத்திருந்தது. திரும்பி வந்தேன்.

"என்னத்த நடந்துக்கிட்டே திரியுறீக?" என்றாள் வீட்டுக்காரி.

"ஒண்ணுமில்ல."

"கால் மாத்தி விட்டுட்டீகளா?"

அவள் சொன்னது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். இருபது வருசமாகத் தறிக் குடோனில் ஊடைநூலைத் தார் சுற்றுகிறாள். அந்தச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். அவள் மெதுவாகப் பேசுவதே மற்றவர்கள் சத்தம் போடுகிற மாதிரி இருக்கும்.

வலி எனக்கு மாசியில் ஆரம்பித்தது. வத்தல் வரத்து சமயம். மூடை இறக்கினால் நெடி மூக்கில் ஏறும். அதனால் என்று நினைத்தேன். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு தூக்குகிற சூடு என்று நினைத்தேன். பங்குனியில் வத்தல் குறைந்தது. வலி குறையவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. தலைவலிக்கு மருந்து விடுகிறவனுக்கே தலைவலி என்றால் யார் வருவார்கள்? ஆனால் வலியை மறைக்க முடியாது. கண் காட்டிக் கொடுத்துவிடும். துண்டை இறுக்கிக் கட்டியதும் காட்டிக் கொடுத்துவிடும். நான் பல்வலி என்று சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கடைக் கணக்குப்பிள்ளை, "வெத்தலக் காம்பக் கிள்ளி, சுண்ணாம்பத் தடவி, பொட்டுல ஒட்டுப்பா" என்றார்.

டீ மாஸ்டர், "அதெல்லாம் கேக்காதண்ணே. நொச்சி எலையத் தலகாணிக்குள்ள போட்டுப் படு. காலைல தல பூ மாதிரி இருக்கும்" என்றார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா. முன்பின் தெரியாதவர். நான் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "தும்பப் பூவ நல்லெண்ணெயில போட்டுக் காச்சித் தலைக்குத் தேச்சு முழுகுங்க. எங்க வீட்டுல அவுக அப்பிடித்தான் பொழச்சாக" என்றார். என்னவோ நான் சாகக் கிடக்கிற மாதிரி.

கூட மூடை தூக்குகிறவன், "நீதான் ஊருக்கே மருந்து விடுறியே. ஒன் கால்ல நீயே விட்டுக்க வேண்டியதுதான?" என்று சிரித்தான்.

அங்கேதான் இடித்தது. விட்டுக்கொள்ள முடியாது. விடுகிறவன் தனக்குத் தானே விட்டுக்கொள்ளக் கூடாது. இன்னொரு கை விட வேண்டும். இன்னொரு கை விட வேண்டும் என்றால் அந்தக் கைக்கு இலையைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அதோடு என் கை போய்விடும். அதற்கப்புறம் நான் விடுவது வெறும் தண்ணி.

எல்லாம் செய்து பார்த்தேன். வெற்றிலை, நொச்சி, தும்பைப் பூ. சுக்கை உரசிப் பத்து போட்டேன். தடிமனாகப் போட்டுவிட்டேன் போல. காய்ந்து உரிந்தபோது தோலும் வந்தது. பொட்டில் கருப்பாக வட்டம் விழுந்துவிட்டது. சாக்கு உரசிவிட்டது என்று கடையில் சொன்னேன்.

அரசு ஆஸ்பத்திரிக்கும் போனேன். டாக்டரம்மா நன்றாகப் பார்த்தார்கள். பிரஷர் சரியாக இருக்கிறது என்றார்கள். கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் அரை நாள் நிற்கும். "வெயில்ல தூக்காதீங்க" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி மூடை தூக்கப் போனேன்.

கால் மாறின அடுத்த நாள் கண்டக்டரின் பஸ்ஸைத் தேடிப் போய் ஏறினேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது.

"தலவலி எப்பிடி?"

"போயிருச்சுண்ணே. நேத்து மத்தியானமே சாப்புட்டுத் தூங்கிட்டேன்."

"ஒனக்கு எந்தக் கால்ல விட்டேன்?"

"எந்தக் கால்லயா?" யோசித்தார். "அத யாருண்ணே பாத்தா? நான் கண்ண மூடி ஒக்காந்திருந்தேன். ஏன், காலுக்கு ஏதும் ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது."

"டிக்கெட்டு எங்க?"

"அடுத்த ஸ்டாப்புல எறக்கிவிடு" என்றேன்.

இறங்கித் திரும்பி நடந்தேன். ரோட்டில் நிழல் இல்லை. அவருக்கு எந்தக் காலில் விட்டேன் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. சரியாக விட்டிருந்தால் நல்லது. மாற்றி விட்டும் போயிருந்தால், அது என்ன? அதை நினைக்க நினைக்கத் தலை இன்னும் இடித்தது. நினைப்பதை விட்டுவிட்டேன்.

எனக்கு இந்த மருந்தைக் கொடுத்தவன் என்னோடு மூடை தூக்கியவன். என் வயசுதான். ஒரு நாள் லாரிக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டு போய், "எனக்கே வந்திருச்சுலே. ஒங்கிட்டச் சொல்றேன். நீ விடு" என்றான். நானாகக் கேட்கவில்லை. அவனுக்கு வேறு ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு அவனுக்கு விட்டேன். அதில் இருந்து என் வாசலில் ஆள் வர ஆரம்பித்தது. இப்போது அவன் பந்தல்குடி ரோட்டில் ஒரு பஞ்சு மில்லில் வாட்ச்மேன். தேடிப் போனேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பார்த்ததும், "வா. வந்திருச்சா?" என்றான்.

"எது?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியலயா? எனக்கும் இப்பிடித்தான் ஒரு கண்ணு சுருங்குச்சு."

"நீ விடுலே. ஒனக்கு எலை தெரியும்ல."

கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். "இதுல ஒண்ணும் இல்லலே. ஒங்கிட்டக் குடுத்தப்பவே போயிருச்சு. என் மச்சானுக்கு ஒரு வாட்டி விட்டுப் பாத்தேன், ஒனக்குத் தெரியாம. வலி கூடிப் போயி என்னத்தான் வஞ்சான்."

"அப்ப யார்ட்டச் சொல்ல?"

"அத நான் சொல்லக் கூடாது. ஒன்ன மாதிரி வாயத் தொறக்காத ஆளாப் பாரு. அம்புட்டுத்தான்." ஸ்டூலை நிழலுக்கு நகர்த்திப் போட்டு, "எனக்கு அப்புறம் வரவே இல்ல. அதையும் சொல்லிட்டேன்" என்றான்.

"ஞாயித்துக்கிழம என்ன செய்வ?"

"மொதல்ல ஒண்ணும் ஓடல. வெள்ளெனயே முழிப்பு வந்துரும். முழிச்சு என்ன செய்ய? அதான் இந்த வேலைக்கு வந்தேன். ஞாயித்துக்கிழமையும் டூட்டி" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் முடிவு. ஒரே வாசல். வருகிறவர்கள் வந்துகொண்டிருப்பார்கள். நான் விடாவிட்டால் அவள் விடுவாள்.

"வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"எனக்கு ரகசியம் பேச வராது. நான் முணுமுணுத்தாலே பக்கத்து வீட்டுக்காரி என்னன்னு கேக்குறா. ஒரு நாள் பேச்சோட பேச்சா எலை பேரு வாயில வந்துரும். வந்தா அம்புட்டுப் பேருக்கும் போச்சு."

"ஒனக்குத் தெரியாதா? இத்தன வருசம் ஒரே வீட்டுல இருக்க."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரியாது. தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் பாடுபட்டேன். நீங்க கரைக்குப் போறப்ப எந்தப் பக்கம் போறீகன்னு கூடப் பாக்க மாட்டேன். கெழக்கப் பாத்துப் படுத்துக்குவேன். பிழிஞ்ச துணிய மோந்து பாக்காமத் தொவைப்பேன். ஆட்டக் கரைப் பக்கம் பத்துனா, அது எதத் திங்குதுன்னு பாக்காமத் தலையத் திருப்பிக்குவேன். நான் தெரிஞ்சுக்கிட்டா ஒங்க கை போயிரும்ல?"

தண்ணி குடித்தேன்.

"அந்த வீரசோழன்காரம்மாட்டக் குடுங்க" என்றாள் அப்புறம். "அவுக காலத்தான் மாத்தி வச்சாகளே. ஒரு சொல்லு பேசாம."

நான் யோசித்ததும் அவரைத்தான். ஆனால் சொல்லவில்லை. அந்த அம்மா எங்கள் ஊரில் நாற்பது வீட்டுக்குள் போய் வருகிறவர். மாமியார் சண்டை, மருமகள் சண்டை எல்லாம் அவர் முன்னால்தான் நடக்கும். ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டில் விரித்ததில்லை. சேலையைத்தான் விரிப்பார். வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். அவர் எப்போது வருவார் என்று கேட்டால்கூட, "வாரப்ப வருவாக" என்பார்.

ஆனால் வீரசோழன் எங்கே, எங்கள் ஊர் எங்கே. மருந்தை அங்கே கொடுத்தால் இங்கே வாசல் காலி. எங்கள் ஊர்க்காரர்கள் தலைவலியோடு பஸ் ஏறிப் போக வேண்டும். போவார்களா? போகாவிட்டால் மருந்து அந்த அம்மா கையில் கிடந்து செத்துப் போகும். என் தலைவலிக்காக எல்லோர் மருந்தையும் அழித்த ஆளாகிவிடுவேன். கொடுக்காமல் இருந்தாலும் அதே கதைதான். கால் தெரியாமல் விடுகிற கை என்ன கை?

இரண்டு ஞாயிறு அப்படியே ஓட்டினேன். ஒவ்வொருத்தருக்கும் விடுமுன் என் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, எதிர்ப் பக்கம் எது என்று மனதில் சொல்லிக்கொண்டு விட்டேன். வந்தவர்களுக்கு அது ஏதோ மந்திரம் மாதிரி தெரிந்திருக்கும். நர்ஸ் படிக்கிற பெண் மட்டும் என் கண்ணையே பார்த்தாள்.

அடுத்த வாரம் வீரசோழன்காரம்மா மூட்டையோடு வந்தார். வீட்டுக்காரி மோர் கொடுத்தாள். நான் சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை.

குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கா? ஏண்ணே, ஒங்க ஆளுக எம்புட்டுப் பேரு இருக்காக."

"இருக்காக."

"நான் தெருத் தெருவாத் துணி விக்கிறவ. ஞாயித்துக்கிழமதான் நல்லா விக்கும்."

"விடியுமுன்ன முடிஞ்சிரும். காசு வாங்கக் கூடாது."

"காசு வாங்க நான் எங்க கேட்டேன்? ஏவாரம் வேற, இது வேற." டம்ளரை மறுபடி எடுத்தார். "ஒங்களுக்கு வந்த மாதிரி எனக்கும் ஒரு நா வருமா?"

"வரும்."

"அப்ப நானும் ஒருத்தருக்குக் காட்டணும்."

"ஆமா."

மோரைக் குடித்து முடித்தார். "பேரு எனக்கு மறந்து போகும்ண்ணே. கையில காட்டுங்க."

"பேரு சொல்றது கெடையாது. காட்டுறதுதான்."

"அப்பச் சரி" என்றார்.

விடியுமுன் நானும் அந்த அம்மாவும் கண்மாய்க் கரைக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியும் கூட வந்தாள். வந்த ஆட்களை வாசலிலேயே உட்காரச் சொல்லிவிட்டோம்.

கரையில் சீமைக்கருவேல் அடர்த்தி. ஒத்தையடிப் பாதை. ஓரிடத்தில் வீட்டுக்காரி நின்றுவிட்டாள். கிழக்கே திரும்பி நின்று முந்தானையைத் தலையில் போட்டுக் காதோடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாக்கல. நீங்க போங்க" என்றாள். கண்மாயில் கிடந்த கொக்கு இரண்டு எழும்பிப் பறந்தது.

கொஞ்சம் தள்ளிப் போனோம். நான் குனிந்து ஒன்று பறித்தேன். அந்த அம்மா அதை வாங்கவில்லை. பார்த்தார். மோந்தார். அப்புறம் அவராகத் தேடிப் போய் ஒன்று பறித்தார். கொண்டுவந்து காட்டினார். அது வேறு செடி. தலையை ஆட்டினேன். மறுபடி போனார். சரியானதைப் பறித்து வந்தார்.

"என்ன, காட்டியாச்சா?" என்று கத்தினாள் வீட்டுக்காரி. "எனக்கு ஒண்ணும் கேக்கல! தெரியல!"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தலை தெறித்துக்கொண்டிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

அங்கேயே கரையில் உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. இடது பொட்டைக் காட்டினேன். அவர் இலையைக் கசக்கித் துணியில் வைத்து, ஒரு சாண் அளந்து, என் வலது காலுக்கு மேலே பிடித்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார். பிஸ்மி மட்டும் கேட்டது. நான் விட்டபோது எதுவும் சொன்னதில்லை. அவர் கை ஆடவில்லை. சொட்டு நகத்தில் விழுந்தது. குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை பேருக்கு விட்டிருக்கிறேன், அது குளிரும் என்று எனக்குத் தெரியாது.

போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து நடந்தேன். என் ஊரில், என் கரையில்.

வாசலில் இருந்தவர்களுக்கு அன்றைக்கு அந்த அம்மாதான் விட்டார். நான் உள்ளே போய் நின்றுகொண்டேன். அடுத்த வாரத்தில் இருந்து வீரசோழன் போக வேண்டும் என்று வீட்டுக்காரி அறிவித்தாள். மைக் தேவைப்படவில்லை.

சாறு விழுந்துவிட்டதே, பேசலாமே. பெரியவர் பேசினார்.

"என்னப்பா இது? வலிய ஆட்டோவுல ஏத்தி வீரசோழன் வரைக்கும் கொண்டு போகவா? போயி வாரதுக்குள்ள வலி தானாப் போயிரும்."

"போனா நல்லதுதான" என்றேன்.

"நக்கலப் பாரு."

டீக்கடையில் ஒருத்தன் வேறு மாதிரி கேட்டான். "நம்ம ஊரு மருந்த பஸ் ஏத்தி அனுப்பிட்டியேலே. ஊருக்குள்ள ஒனக்கு ஒரு ஆம்பள கெடைக்கலயா?"

"கெடைக்கல."

"நான் இல்லயா?"

"நீ வாயத் தொறக்காம ஒரு நேரம் இருந்திருக்கியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் டீயை வைத்துவிட்டுப் போனான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எனக்கு வலி உடனே போகவில்லை. அன்றைக்கும் உச்சியில் இடித்தது. மறுநாளும் இருந்தது. அப்புறம் ஒரு நாள் மல்லி மூடை இறக்கிவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். தலையில் துண்டு கட்டவில்லை. கண் இரண்டும் ஒரே மாதிரி திறந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிட்டேன்.

இலையின் பேரை இங்கே எழுதவில்லை. அது இப்போது என்னுடையது இல்லை.

முதல் ஞாயிறு இருட்டில் முழிப்பு வந்துவிட்டது. எழுந்து துணியை எடுத்தேன். திரும்ப வைத்தேன். வாசலைக் கூட்டினேன். அங்கே யாரும் உட்காரப் போவதில்லை. ஆட்டை அவிழ்த்தேன், கட்டினேன். வீரசோழன் பஸ் ஹாரன் ரோட்டில் கேட்டது. யார் ஏறுகிறார்கள் என்று பார்க்கப் போனேன். ஒருவரும் ஏறவில்லை.

வார நடுவில் அந்த அம்மா துணி விற்க வந்தார். நான் கேட்கக் கூடாது என்று இருந்தேன். வீட்டுக்காரி கேட்டுவிட்டாள்.

"எத்தன பேரு வந்தாக?"

"ஒருத்தி. அதுவும் என் ஓரகத்தி." நைட்டியை மடித்துக்கொண்டே சொன்னார். "அவளுக்கு அது ஒத்தத் தலவலியே இல்ல. ராத்திரி பூரா போன் பாக்குறா. போயிப் படுடின்னு அனுப்பிட்டேன்."

அதற்கப்புறம் நான் அவர் வருகிற நாளில் வீட்டில் இருப்பதில்லை. கேட்க வேண்டி வரும். வேறொரு ஞாயிறு பூராவும் கண்மாய்க் கரையில் நடந்தேன். செடி நன்றாகத்தான் இருந்தது. பறிக்க ஆள் இல்லாமல் தழைத்திருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

என் வாசலுக்கு அதிகமாக வந்தது ஒரு தைப்பூசத்தை ஒட்டிய ஞாயிறு. பதினாலு பேர். மிளகாய் பறிக்கிற பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அதைச் சும்மா சும்மா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்பிடி ஒத்தக் காலுல நிக்கிறதுக்கு ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருங்க" என்றாள் வீட்டுக்காரி. "நானும் நிம்மதியாத் தூங்குவேன்."

"எதுக்குப் போக? எனக்குத் தலவலி இல்ல."

"அதான் போகச் சொல்றேன்."

ஆனி பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் அப்படியே பஸ் ஏறினேன். எங்கள் ஊர் ஸ்டாப்பில் விடியுமுன் ஏறினால் ஆள் பார்க்கும் என்று, திருச்சுழியில் சொந்தக்காரர் வீட்டில் படுத்தேன். விடியுமுன் அங்கே இருந்து முதல் பஸ். கூட்டம் இருந்தது. யாரும் பேசவில்லை. எனக்குச் சட்டென்று புரியவில்லை. பாதிப் பேர் கண்ணை மூடி, ஒரு பக்கத் தலையைக் கம்பியில் சாய்த்திருந்தார்கள். அந்த பஸ் கண்டக்டரிடம் ஊர்ப் பேர் சொல்லாமல் காசை நீட்டினார்கள். அவரும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தார். அவருக்குப் பழக்கமாகிவிட்டது போல.

"வீரசோழன் ஒண்ணு" என்று நான் சொன்னபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இறங்கினேன். அவர்கள் பின்னால் போனேன். அந்த அம்மாவின் வீட்டுக்கு எதிரே மளிகைக் கடை. இன்னும் திறக்கவில்லை. அதன் ஷட்டர் ஓரமாக நின்றுகொண்டேன். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இருட்டு லேசாகக் கலைந்தது. வாசலில் பாய் விரித்திருந்தது. நர்ஸ் படிக்கிற பெண்ணும் அவள் அம்மாவும் முன்னாலேயே வந்திருந்தார்கள். தெரு முனையில் ஒரு ஆட்டோ நின்றது. அனுப்பாமல் நிறுத்தி வைத்த ஆட்டோ. பெரியவர் பாயின் ஓரத்தில், என்னைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா துணியோடு வெளியே வந்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். முதல் ஆள் வலது பொட்டைக் காட்டினார். துணி இடது காலுக்கு மேலே போனது. அடுத்த ஆள் இடது. துணி வலது காலுக்கு. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கால் மாறவில்லை. ஒன்றுகூட மாறவில்லை.

விழுந்ததும் எழுந்து போனார்கள். போயிட்டு வாரேன் என்று யாரும் சொல்லவில்லை. பாய் காலியாகும்வரை நின்று எண்ணினேன்.

பதினேழு.